பூட்டன் பேரில் ஒரு பட்டா

ஜவ்வாது மலையின் மேற்குப் பக்கம், புதூர் நாட்டில் எங்கள் குடும்பத்துக்கு உள்ள 4 ஏக்கர் 20 சென்ட் உழவுக்காடு இன்றைக்கும் என் பூட்டன் பேரில்தான் இருக்கிறது. பூட்டன் என்றால் அப்பாவின் தாத்தா. நேரு செத்த வருஷந்தான் அவரும் செத்தார் என்று ஆயா சொல்வாள். அப்படிப் பார்த்தால் 1964. அவரைப் புதைத்துப் பல வருஷம் கழித்து, யுடிஆர் என்று எல்லோரும் சொல்கிற நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டம் வந்தது. 1979இல் தொடங்கி 1987 வரை தமிழ்நாடு முழுக்க ஊர் ஊராக நிலக் கணக்கைப் புதுப்பித்தார்கள். எங்கள் ஊர்க் கணக்கில் பூட்டன் அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு கணக்கெல்லாம் கம்ப்யூட்டருக்கு ஏறியபோது அவரும் ஏறினார். இப்போது செல்போனில் சர்வே எண்ணைத் தட்டினால் அவர் பேரும் அவருடைய அப்பா பேரும் பளிச்சென்று வருகின்றன. கரண்டு பார்க்காத மனிதர்.

எங்கள் பக்கம் இப்படி நிறையக் குடும்பங்கள். தகப்பன் செத்தால் அண்ணன் தம்பிகள் வரப்பைப் பார்த்துப் பேசிப் பிரித்துக்கொள்வார்கள். ஊர்க்கவுண்டர் கூட நிற்பார், அவ்வளவுதான். எவன் எந்தத் துண்டை உழுகிறான் என்று ஊருக்கே தெரியும்போது தாலுகா ஆபீசுக்கும் தெரியவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. 2019 பிப்ரவரியில் பிரதமரின் கிசான் திட்டம் வந்தபோதுதான் தோன்றியது. வருஷத்துக்கு 6,000 ரூபாய், மூன்று தவணையாக, தன் பேரில் நிலம் உள்ள விவசாயக் குடும்பத்துக்கு. என் அண்ணன் மீசை முளைத்த நாளிலிருந்து உழுகிறவன். கணக்குப்படி அவன் பேரில் ஒரு சென்ட் கிடையாது.

நான் கீழே சமவெளியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். குடும்பத்தில் படித்தவள் என்பதால் காகித வேலை என் தலையில் விழுந்தது. "வாரிசுச் சான்றுக்கு வம்சாவளி எழுதணுமாம், நீயே எழுதிக் குடும்மா" என்றான் அண்ணன். ஒரு தாளில் நாலு கோடு போட்டால் முடிகிற வேலை. ஆனால் எங்கிருந்து தொடங்குவது, யாரை விடுவது என்று கேட்க ஆரம்பித்தால் அது மலையளவு வேலை.

எங்கள் ஆட்களைக் கேட்டால் வம்சம் காஞ்சிபுரத்தில் தொடங்குகிறது. எங்களைச் சாதிச் சான்றில் மலையாளி என்று எழுதுவார்கள். கேரளத்துக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை. கதை இப்படிப் போகும். கங்குந்தி, அதாவது இன்றைய குப்பம் பக்கத்து வேடர்கள் காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வேளாளரிடம் பெண் கேட்டார்கள். கொடுக்கவில்லை. வேடர்கள் ஏழு பெண்களைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். மீட்டுவர ஏழு ஆண்கள் ஏழு நாய்களோடு கிளம்பினார்கள். "நாய் மட்டும் திரும்பி வந்தால் நாங்கள் செத்தோம் என்று வைத்துக் காரியம் பண்ணிவிடுங்கள்" என்று பெண்சாதிகளிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். பாலாற்றில் வெள்ளம். ஆட்கள் எப்படியோ அக்கரை ஏறினார்கள். நாய்கள் பாதி ஆறு நீந்திவிட்டுத் திரும்பிக் காஞ்சிக்கே போய்ச் சேர்ந்தன. பெண்சாதிகள் தாலியறுத்துக் கருமாதி முடித்தார்கள். வேடர்களைக் கொன்று பெண்களை மீட்டுக்கொண்டு வந்தவர்களை ஊர் உள்ளே விடவில்லை. காரியம் முடிந்துபோனவனுக்கு வீடு ஏது, பங்கு ஏது? அவர்கள் வந்த வழியே திரும்பி, வேடப் பெண்களைக் கட்டிக்கொண்டு, ஜவ்வாது மலை ஏறிக் காடு திருத்தினார்கள். அந்த ஏழு பேரின் பிள்ளைகள் நாங்கள்.

இந்தக் கதையை வெள்ளைக்காரர்களும் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆர்தர் காக்ஸ் 1881இல் தொகுத்த வட ஆற்காடு மாவட்டக் கையேட்டை 1890களில் ஹெரால்டு ஸ்டூவர்ட் திருத்தி வெளியிட்டார். அவர் எழுதியதை எட்கர் தர்ஸ்டன் 1909இல் வந்த தன் ஏழு தொகுதி நூலில் எடுத்துப் போட்டுக்கொண்டார். கதைக்குத் தேதிகூட உண்டு: சக ஆண்டு 1055. அதாவது சோழர் காலம், கி.பி. 1130களின் தொடக்கம். பூட்டன் எப்போது செத்தார் என்பதற்கே நேருவைத் துணைக்கு அழைக்க வேண்டிய குடும்பத்தில், இந்தப் பழங்கதைக்கு யார் இவ்வளவு சரியாகத் தேதி போட்டுக் கொடுத்தார்களோ! நான் அந்தத் தேதியை நம்பவில்லை. கதையின் சட்டத்தை நம்புகிறேன். எங்கள் மலை வாழ்க்கை ஒரு வாரிசு வழக்கில் தொடங்குகிறது. உயிரோடு இருந்தவர்களைச் செத்தவர்கள் என்று எழுதியதால் சொத்திழந்தவர்கள் எங்கள் முன்னோர். அவர்கள் வழியில் வந்த என் பூட்டனோ, செத்தும் உயிரோடிருப்பதாகக் கணக்கில் நிற்கிறார், அதனால் பேரன்களுக்குப் பட்டா இல்லை. இரண்டிலும் ஊர் அறிந்தது ஒன்று, பதிவு சொன்னது வேறு.

இன்னொன்றும் கவனித்தேன். மீட்டுக் கொண்டுவந்த ஏழு பெண்கள் என்ன ஆனார்கள் என்று கதை சொல்வதே இல்லை. அவர்களை மீட்கத்தான் இத்தனை பாடும். தாலியறுத்த ஏழு பேர், தூக்கிப்போன ஏழு பேர், மலைக்குக் கூட வந்த வேடப் பெண்கள் என்று எத்தனை பெண்கள்! ஒருத்திக்கும் பேர் கிடையாது. எங்கள் மலைக்குத் தெற்கே, பழைய செங்கம் வட்டத்தில் எடுத்தனூர் என்ற ஊரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. சண்டையில் செத்த கருந்தேவக்கத்தி என்பவனுக்கு எடுத்தது. கல்லில் அவன் பக்கத்தில் ஒரு நாயும் நிற்கிறது. அந்த நாயின் பேர் கோவிவன், அது இரண்டு கள்ளரைக் கடித்தது என்று எழுத்தில் பொறித்திருக்கிறார்கள். கதையின் நாய்கள் ஆற்றில் திரும்பிவிட்டன, இந்த நாய் நின்றது. ஆயிரத்து நானூறு வருஷமாக எங்கள் அடிவாரத்தில் ஒரு நாயின் பேர் நிலைத்திருக்கிறது. எங்கள் முதல் பாட்டிமார் பேர் இல்லை.

முதல் என்று சொல்வதும் சரியில்லை. ஏழு பேர் ஏறியபோது மலை காலியாக இருந்ததுபோலக் கதை பேசுகிறது. ஜமுனாமரத்தூர் வட்டாரத்தில் பலகைக் கல்லை நிறுத்தி மேலே மூடுகல் போட்ட கற்திட்டைகள் இருக்கின்றன. அவை எங்கள் கதையைவிட மிகப் பழையவை. எங்கள் ஊர்களில் சில கோயில்களில் பளபளவென்று தேய்த்த கைக்கோடரிக் கற்களை வரிசையாக வைத்துக் கும்பிடுகிறோம். புதிய கற்காலத்துக் கருவிகள் அவை. எந்தக் கையோ அதைப் பிடித்து இதே சரிவில் மரம் வெட்டியிருக்கிறது. அந்தக் கைக்குச் சொந்தக்காரர்களின் வாரிசு யார் என்று கேட்டால், வேடப் பெண்கள் வழியாக நாங்களே என்று சொல்லலாம். வம்சாவளிப் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

காகிதத்தில் தேடப் போனால் வேறு தொல்லை. மலை இருந்த இடத்தில் இருந்தது, மாவட்டம்தான் மாறிக்கொண்டே இருந்தது. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தான் கும்பினிக்கு விட்டுக்கொடுத்த பாராமகாலைச் சேர்ந்தது திருப்பத்தூர். மலையின் கிழக்கு அடிவாரமோ ஆற்காட்டு நவாபிடமிருந்து 1801இல் கைமாறியது. திருப்பத்தூர் வட்டம் சேலம் மாவட்டத்தில் இருந்து 1911இல்தான் வட ஆற்காட்டுக்கு வந்தது. 1989இல் வட ஆற்காடு இரண்டானபோது ஜமுனாமரத்தூர்ப் பக்கம் திருவண்ணாமலைக்குப் போயிற்று, நாங்கள் இந்தப் பக்கம் நின்றோம். பிறகு எங்கள் பக்கத்துக்கு வேலூர் என்று பேர் வந்தது. 2019 நவம்பரிலிருந்து திருப்பத்தூர் மாவட்டம். ஆக, பூட்டனின் அப்பா சேலம் மாவட்டத்துக்காரர், பூட்டன் வட ஆற்காட்டுக்காரர், அண்ணன் திருப்பத்தூர்க்காரன். மூவரும் தூங்கியது ஒரே திண்ணையில். என் அம்மா பிறந்த ஊர் ஜமுனாமரத்தூருக்கு அந்தப் பக்கம். நடந்தால் காட்டுவழி அரைநாள், ஆனால் அவள் பிறப்பைப் பற்றிக் கேட்க வேறு மாவட்டத்துக்கு மலையிறங்கி ஏறவேண்டும்.

பாராமகால் என்றால் சாதாரண இடமில்லை. கும்பினியின் கேப்டன் அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு உதவியாக இருந்த தாமஸ் மன்றோவும் 1790களில் இங்கேதான் நிலத்தை அளந்து, ஜமீன்தாரை நடுவில் வைக்காமல் உழுகிறவனோடு நேராக வரி பேசும் ஏற்பாட்டைப் பழகிப் பார்த்தார்கள். பின்னால் சென்னை மாகாணம் முழுக்கப் பரவிய ரயத்துவாரி அதுதான். ஒரு துண்டு நிலம், அதற்கு ஒரு பேர், அந்தப் பேருக்கு ஒரு பட்டா என்ற வழக்கம் எங்கள் மலையின் காலடியில் வளர்ந்தது. மலைக்கு மேலே அது பொருந்தவே இல்லை.

ஏன் என்றால், மேலே ஒரு குடும்பத்துக்கு நிலம் என்பது ஒரே இடமாக இல்லை. உழவுக்காடு என்பது மாடு கட்டி ஏர் ஓட்டக்கூடிய சமதளம், அது கொஞ்சம். மீதி கொத்துக்காடு. சரிவில் புதரை வெட்டிக் காயவிட்டு, சித்திரை வெயிலில் கொளுத்தி, முதல் மழைக்குச் சாம்பலிலேயே கொத்தி விதைப்பார்கள். முதலில் சாமை, அடுத்து கேழ்வரகோ கொள்ளோ, பிறகு மண் சோர்ந்துவிடும். அதை விட்டு அடுத்த சரிவு. விட்ட இடத்தில் பல வருஷம் காடு வளரும், வளர்ந்த பிறகு மறுபடி வரலாம். ஆகவே பாட்டன் பேரனுக்கு விட்டுப்போனது எல்லை போட்ட துண்டில்லை. எந்தச் சரிவு எத்தனை வருஷம் ஓய்ந்திருக்கிறது, எந்த ஓடைக்கு மேலே கைவைக்கக் கூடாது, எந்தக் குடும்பம் எந்தத் திசையில் வெட்டலாம் என்ற பழக்கத்தைத்தான் விட்டுப்போனான். ஊர்க்கவுண்டரும் அவருக்கு மேலே நாட்டாரும் அதைக் காத்தார்கள். புதூர் நாடு, நெல்லிவாசல் நாடு, புங்கம்பட்டு நாடு என்று எங்கள் பக்கத்துப் பேர்களில் இன்னும் நாடு ஒட்டிக்கொண்டிருப்பது அந்த ஆட்சியின் மிச்சம்.

1882இல் சென்னை வனச் சட்டம் வந்தது. காப்புக்காடு அறிவிக்கப்போகும் இடத்தில் யாருக்காவது உரிமை இருந்தால், கெடுவுக்குள் செட்டில்மெண்ட் அதிகாரி முன்னால் வந்து சொல்லவேண்டும். சொல்லாத உரிமை அற்றுப்போகும். சட்டம் நியாயமாகத்தான் பேசுகிறது. ஆனால் ஓய்வில் விட்ட சரிவில் ஏர்த்தடம் இருக்காது, வரப்பு இருக்காது. பார்க்கிற அதிகாரிக்கு அது வெறும் காடு. எல்லைக்கல் நட்டபிறகு கொத்துக்காடு எல்லாம் அந்தப் பக்கம், உழவுக்காடும் வீடும் இந்தப் பக்கம். அசைந்துகொண்டிருந்த குடும்பம் ஓரிடத்தில் கட்டுண்டது. அதற்குப் பின்னால்தான் "பங்கு" என்று பேச்சே வந்திருக்கும் என்று நினைக்கிறேன். காடு விரிந்துகிடந்தவரை நாலு மகன்கள் என்றால் நாலு கோடரி. கல் நட்டபின் நாலு மகன்கள் என்றால் நாலில் ஒன்று.

இதில் கல்வராயன் மலைக்காரர்கள் எங்களைவிடப் பாவம். அங்கே ஜாகிர்தார்கள் ஆட்சி சுதந்திரம் வந்தும் போகவில்லை. 1976 ஜூனில்தான் அரசு அந்த மலையைக் கையில் எடுத்தது. அதுவரை அங்கே உழுதவனுக்குப் பட்டா என்ற கேள்வியே எழவில்லை.

சரி, வம்சாவளிக்கு வருகிறேன். காகிதம் கைவிட்டதால் ஆயாவைப் பிடித்தேன். வயது அவளுக்கே தெரியாது. தாது வருஷப் பஞ்சத்தில் கீழ்நாட்டு ஜனங்கள் மலையேறி வந்து நம் வீட்டில் கிழங்கு தின்று பிழைத்தார்கள் என்று அவள் மாமியார் சொன்னதை நேரில் பார்த்ததுபோலச் சொல்வாள். அது 1876. படையல் போடும்போது முன்னோரைப் பேர் சொல்லி அழைப்பது அவள் வேலை, அதனால் பேர்கள் எல்லாம் வரிசையாக நாக்கில் இருந்தன. எழுதிக்கொண்டே வந்தேன். ஆறாவது பேரில் எனக்குச் சிக்கல் பிடிபட்டது. பேரனுக்குத் தாத்தா பேரை வைப்பது எங்கள் வழக்கம். ஆகவே ஒன்றுவிட்டு ஒன்று அதே பேர். பட்டாவில் இருக்கும் பேர் பூட்டனுடையதா, பூட்டனின் பாட்டனுடையதா? தகப்பன் பேர் ஒன்று கூடவே இருப்பதால் தப்பித்தேன் என்று பார்த்தால், தகப்பன் பேரும் ஒன்றுவிட்டு ஒன்று அதே. காகிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் தீர்ப்புச் சொல்ல முடியாது. அந்தப் பேரை இப்போது வைத்திருப்பவர் என் பெரியப்பா. சில காலம் அவர், "பட்டா என் பேர்லதானே இருக்குது" என்று கூட்டுறவுச் சங்கத்தில் கடன்கூடக் கேட்டுப் பார்த்தார். அந்தக் கணக்கு நடக்கவில்லை.

ஆயாவின் வரிசையில் ஆண்கள் மட்டும்தான் வந்தார்கள். "ஆயா, பூட்டனுக்குப் பொண்ணுங்க இல்லையா?" என்றேன். "ஏன் இல்ல? ரெண்டு பேரு. ஒருத்திய நெல்லிவாசலுக்குக் குடுத்தாங்க, ஒருத்திய அந்தாண்ட." பேர் கேட்டால் ஒருத்தியுடையதுதான் ஞாபகம் வந்தது. மற்றவளை எல்லோரும் சின்னக்கா என்றுதான் கூப்பிட்டார்களாம்.

இனி என் தொழில். பூட்டனுக்கு மூன்று ஆண், இரண்டு பெண். தாத்தாவுக்கு இரண்டு ஆண், இரண்டு பெண். அப்பாவுக்கு அண்ணனும் நானும். அப்பா போய்விட்டார், அம்மா இருக்கிறாள். மலை வழக்கப்படி மகன்களுக்கு மட்டும் பங்கு. 420 சென்ட்டை மூன்றால் வகுத்தால் தாத்தாவுக்கு 140, அதில் பாதி அப்பாவுக்கு 70, அது அப்படியே அண்ணனுக்கு. அவன் உழுவதும் ஏறக்குறைய அவ்வளவுதான். பெண்களையும் சமமாக எண்ணினால், பாட்டிமாரை விட்டுவிட்டுப் பார்த்தாலும், 420ஐ ஐந்தால் வகுக்கவேண்டும்: 84. அதை நாலால்: 21. அதை அம்மா, அண்ணன், நான் என்று மூன்றால்: 7. மீதியில்லாமல் வகுபடும் கணக்கு, வகுப்பில் கொடுக்க நன்றாக இருக்கும். அண்ணனுடைய 70 சென்ட் 7 ஆகும். எனக்கும் 7. மிச்சத்தில் நல்ல பங்கு நெல்லிவாசலிலும் "அந்தாண்ட"யிலும் இருக்கும், நான் பார்த்தே இராத அத்தைப் பாட்டிகளின் பேரப்பிள்ளைகளுக்கு.

சமபங்கு வேண்டும் என்று மேடையில் பேசுவது எனக்குப் பிடிக்கும். கணக்கைப் போட்டுப் பார்த்தபிறகு அண்ணன் முகத்தை நேராகப் பார்க்கக் கொஞ்சம் நேரமாயிற்று. ஏற்கெனவே 70 சென்ட் சாமையில் குடும்பம் ஓடாது. அதனால்தான் ஊர் ஆண்கள் காப்பித் தோட்டம், திருப்பூர் என்று போகிறார்கள். ஆந்திரக் காட்டில் மரம் வெட்டக் கூப்பிடும் ஏஜென்ட்டு பின்னாலும் போகிறார்கள். 2015 ஏப்ரல் 7ஆம் தேதி சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீஸ் சுட்டுக் கொன்ற 20 பேரில் பலர் ஜவ்வாது மலைப் பிள்ளைகள்.

சட்டம் என்ன சொல்கிறது? தமிழ்நாட்டில் மகளுக்கும் பரம்பரைச் சொத்தில் சமபங்கு என்று 1989இலேயே திருத்தம் வந்தது. நாடு முழுக்க 2005இல் வந்தது. நான் பாடம் நடத்தும் ஊரில் என் தோழிகள் இதைச் சொல்லிப் பங்கு வாங்கியிருக்கிறார்கள். ஆனால் 1956ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் இரண்டாம் பிரிவு, இரண்டாம் உட்பிரிவு, மத்திய அரசு தனியாக அறிவிக்காதவரை இது பட்டியல் பழங்குடியினருக்குப் பொருந்தாது என்கிறது. பழங்குடி வழக்கத்தைக் காக்கத்தான் அப்படி எழுதினார்கள். காத்ததில் நானும் ஆயாவும் வெளியே நின்றோம். 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், பழங்குடிப் பெண்களுக்கு இந்த உரிமையை மறுக்கும் சட்டத்தைத் திருத்த யோசியுங்கள் என்று மத்திய அரசிடம் சொன்னது. 2023இல் சென்னை உயர் நீதிமன்றம், சேலம் பக்கத்து எங்கள் சாதிக் குடும்பம் ஒன்றின் வழக்கிலேயே பெண்களுக்குச் சமபங்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பின் பிரதியை எடுத்து அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். "ஜெயிச்ச பொண்ணு அப்புறம் அண்ணன் வீட்டுக்குப் போச்சாமா?" என்று கேட்டான். தீர்ப்பில் அது இல்லை.

வழக்கம் பெண்களை முழுக்கக் கைவிட்டதா என்றால் அதுவும் இல்லை. நிலத்தில் கைவைக்கவிடாத தாத்தா, என் பெரிய அத்தையைக் கட்டிக்கொடுத்தபோது மேட்டு வரப்பில் நிற்கும் பலாமரத்தை அவளுக்கு என்று சொல்லிவிட்டார். நிலம் பெரியப்பாவுடையது, மரம் அத்தையுடையது. இன்றைக்கும் ஆனி மாதம் மகன்களைக் கூட்டிக்கொண்டு வந்து பழம் இறக்கிக்கொண்டு போகிறாள். பெரியப்பா ஒரு பழம்கூடக் கேட்காமல் எடுப்பதில்லை. ஓடையோரத்துப் புளியமரம் இரண்டும் அண்ணன் தம்பிகளுக்கு முறைவைத்து, வருஷம் ஒருவருக்கு. எந்த மரம் யாருக்கு என்பது எந்தப் பதிவேட்டிலும் இல்லை, ஆனால் இதில் சண்டை வந்து நான் பார்த்ததில்லை. சந்தனம் மட்டும் விதிவிலக்கு. நம் பட்டாவிலேயே முளைத்தாலும் நாமாக அதை வெட்டக் கூடாது என்று சின்ன வயதிலேயே சொல்லி வளர்த்தார்கள். கொல்லையில் ஒரு சந்தனக் கன்று தலைகாட்டினால், வம்பு வேண்டாம் என்று ஆயா பிடுங்கிப் போட்டுவிடுவாள்.

பெண் பேர் எழுத்தில் வந்தது எதிர்பாராத இடத்தில். எங்கள் உழவுக்காட்டுக்கு மேலே, காப்புக்காட்டு எல்லைக்கல்லைத் தாண்டி, அப்பா காலத்திலிருந்து கொத்திவரும் ஒரு சரிவு இருக்கிறது. ஒரு ஏக்கருக்குச் சற்று மேல். வாட்சர் வந்தால் மண்வெட்டியை மறைத்த நிலம். 2006ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டம், 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்து காட்டுக்குள் உழுதுவரும் பழங்குடியினருக்கு அந்த நிலத்தின் மேல் உரிமை தந்தது. நாலு ஹெக்டேர் வரை. தமிழ்நாட்டில் நீதிமன்றத் தடையால் 2016 வரை உரிமைப் பத்திரம் எதுவும் கைக்கு வரவில்லை. தடை நீங்கியதும் அண்ணன் மனுப் போட்டான். அந்தத் தேதிக்கு முன்பே உழுதோம் என்று எப்படிக் காட்டுவது? பெரியவர்கள் வாக்குமூலத்தையும் சாட்சியாக ஏற்கலாம் என்பது விதி. கிராம சபையில் ஒரு தாத்தா எழுந்து, "காவலூர்ல பெரிய டெலஸ்கோப்பு தெறக்க ராஜீவ் காந்தி வந்தாரே, அந்த வருஷம் இவன் அப்பன் அங்க சாமை அறுத்துக் களத்துக்குக் கொண்டாந்தான், நானும் தூக்கினேன்" என்றார். வைணு பாப்பு வானாய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கியை ராஜீவ் காந்தி திறந்துவைத்தது 1986 ஜனவரி 6. காவலூரும் எங்கள் மலையில்தான். கூடியிருந்தவர்கள் எல்லோருக்கும் அந்த வருஷம் ஞாபகம் இருந்தது. யுரேனஸுக்கு வளையம் உண்டு என்று 1977இல் கண்ட கூட்டத்தில் காவலூரும் ஒன்று என்று பள்ளியில் பெருமையாகச் சொல்வேன். அதைவிட எங்கள் குடும்பத்துக்கு அது செய்த பெரிய உபகாரம் இதுதான்.

பத்திரம் வந்தது. பிரித்துப் பார்த்தால் அண்ணன் பேரோடு அண்ணி பேரும். கல்யாணமானவர்கள் என்றால் இருவர் பேரிலும் சேர்த்துப் பதியவேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் நாலாம் பிரிவு. விற்க முடியாது, பிள்ளைகளுக்கு இறங்கும். எங்கள் வம்சத்தில், காஞ்சிபுரத்திலிருந்து எண்ணினாலும் சரி, சேலம் மாவட்டத்திலிருந்து எண்ணினாலும் சரி, நிலக் காகிதத்தில் ஏறிய முதல் பெண் பேர் அண்ணியுடையது. கல்லும் முள்ளும் உள்ள சரிவில்தான் ஏறியது. நல்ல மண் இருக்கும் உழவுக்காட்டில் இன்னும் பூட்டன் தனியாளாக இருக்கிறார். பழங்குடி நிலம் வெளியாருக்குக் கைமாறாமல் காக்கும் ஐந்தாம் அட்டவணைப் பகுதி என்று தமிழ்நாட்டில் எந்த மலையையும் அறிவிக்கவில்லை. அதனால் கீழே இருந்து கார் ஏறி வந்து விலை கேட்பவர்களும் அந்த நல்ல மண்ணைத்தான் கேட்கிறார்கள். செத்தவர் பேரில் பட்டா இருப்பதால் ஒரு நன்மை, யாரும் அவசரப்பட்டு விற்க முடியவில்லை.

வம்சாவளியை முடித்துவிட்டேன். நெல்லிவாசல் பாட்டி பேரையும், பேர் கிடைக்காதவளைச் "சின்னக்கா என்கிற மகள்" என்றும் எழுதினேன். மனு எழுதிக் கொடுக்கிறவர், "இதெல்லாம் போட்டா அத்தினி பேரும் வந்து கையெழுத்துப் போடணும்மா, வேலை இழுக்கும்" என்றார். உண்மைதான், இழுக்கிறது. பூட்டனின் சாவு எங்கும் பதியப்படவில்லை, அதற்குத் தனி மனு. இறந்த தேதி என்ற இடத்தில் மே 27 என்று போட்டுவிடலாமா என்று அண்ணன் கேட்டான். அது நேரு இறந்த தேதி, பூட்டனுடையதில்லை என்று தடுத்தேன்.

பெண்கள் எல்லோரும் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டால் ஆண்கள் பேரில் கூட்டுப் பட்டா ஆகிவிடும் என்று குடும்பத்தில் பேசியிருக்கிறார்கள். என் 7 சென்ட்டை நான் விட்டுக்கொடுக்கத் தயார். ஆனால் இரண்டு நிபந்தனை வைத்திருக்கிறேன். அம்மா பேர் பட்டாவில் ஏறவேண்டும். அத்தையின் பலாமரம், அவளுக்குப்பின் அவள் மகளுக்கும் என்று, அந்தப் பத்திரத்திலேயே எழுதப்பட வேண்டும். அண்ணன் முதலாவதற்குச் சரி என்றான். இரண்டாவதற்குப் பெரியப்பா மகன்கள், "வாயால சொன்னது அம்பது வருஷமா நடக்குது, எழுதினாத்தான் நாளைக்கு வெட்டலாமா கூடாதான்னு கேள்வி வரும்" என்கிறார்கள். அதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. அத்தையிடம் கேட்டேன். "எழுதுங்க, எழுதாமப் போங்க. ஆனிக்கு ஏணி மட்டும் எடுத்து வெச்சிருக்கச் சொல்லு, போன வருஷம் ஏணி இல்லாம உச்சியில நாலு பழம் அழுகிப்போச்சு" என்றாள்.